பர்மா கிராமங்களில் சிறுவயதுச் சிநேகிதத்துக்காகவே பக்கத்து வயலைக் கூலியில்லாமல் நட்டுத் தருவார்களாமே, கணக்கே பார்க்கமாட்டார்களா?

முதல் பாதி சரி. "கணக்கே பார்க்கமாட்டார்கள்" என்பதுதான் சுத்தப் பொய். இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

கேட்டவர் யாங்கூனில் வேலை பார்க்கிறார், ஊரில் அப்பாவின் ஐந்து ஏக்கர் கிடக்கிறது, கூலி கொடுத்து நட்டால் கட்டுபடியாகவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பகோ, தன்லின் பக்கத்துத் தாழ்ந்த வயல், மழைக்கால நெல், தமிழரும் பர்மியரும் கரேன்களும் கலந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே வறண்ட பகுதியில் எள்ளும் கடலையும் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அங்கிருந்து யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

வாங்கிய வேலையைக் கூலியாக இல்லாமல் வேலையாகவே திருப்பித் தருகிற மாற்றாள் முறைக்கு அடிப்படை ஒன்றே: ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள். ஒரு ஏக்கரை ஒரே நாளில் நட்டு முடிக்கப் பழகிய கை பத்துப் பன்னிரண்டு வேண்டும். ஆறு வீடு சேர்ந்து வீட்டுக்கு இரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேர். வீட்டுக்கு ஐந்து ஏக்கர் என்றால் மொத்தம் 30 நாள் வேலை. இடையில் பௌர்ணமி, அமாவாசை உபோசதத்துக்கு (பௌத்த விரத நாள்) பர்மிய வீடுகள் பலவற்றில் ஏர் பூட்டமாட்டார்கள். நம் வீடுகளிலும் ஆடி அமாவாசைக்கு யாரும் வயலில் இறங்கமாட்டார்கள். அது இருவருக்கும் பெரும்பாலும் ஒரே நாளாக விழுவதால் நல்லதாய்ப் போயிற்று. காய்ச்சல், கனமழை எல்லாம் சேர்த்தால் நாற்பது நாள் ஆகிவிடும். ஆறு வீட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

முறை கெட்டுப்போகிற முதல் இடம் நாற்றங்கால். ஜூனில் முதல் மழை விழுந்ததும் ஆறு வீடும் ஒரே வாரத்தில் விதை விட்டால், கடைசி வீட்டு முறை வரும்போது நாற்று கிழடாகி, கணு விட்டு, நட்டாலும் தூர் கட்டாது. அந்த வீட்டுக்காரர் அடுத்த வருடம் சேரமாட்டார், சேராததற்குக் காரணமும் சொல்லமாட்டார். ஆகவே வீட்டுக்கு வீடு ஐந்தாறு நாள் தள்ளி விதை விட வேண்டும். ஏக்கருக்கு ஒன்றரைக் கூடை (பர்மா நெல் அளவு) விதை, நாற்றங்காலுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு இடம். குறுகிய கால ரகம் என்றால் 20 முதல் 25 நாளுக்குள் பறித்துவிட வேண்டும், அதற்குப் பொறுமை கிடையாது. பாஸான் மாதிரி பகல் குறைந்த பிறகே கதிர் விடும் ரகம் தாங்கும், அதனால் பாஸான் போடுகிற வீட்டைக் கடைசியில் வைக்கலாம். அப்படியும் தாமதமானால் குத்துக்கு நான்கைந்து நாற்றாக, நெருக்கி நடச் சொல்லுங்கள்.

எந்த வீடு முதலில் என்பதற்குச் சீட்டுப் போடுகிற வழக்கம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பள்ளத்து வயலை முதலில் முடித்தாக வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் குட்டை நாற்று மூழ்கி அழுகும். பள்ளத்தை முடித்துவிட்டு மேட்டுக்காரர்கள் தங்களுக்குள் சீட்டுப் போடட்டும், போன வருடம் கடைசியாக இருந்தவர் இந்த வருடம் மேட்டில் முதலாவது.

நாற்றுப் பறிப்பு வயல்காரர் பொறுப்பு, அது மாற்றாளில் சேராது. மூன்று பேர் நட்டால் பறிக்க ஒருவராவது வேண்டும். நாலைந்து நாற்றை அடியோடு சேர்த்துப் பிடித்து, நேரே மேலே இழுக்காமல் தன் பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். நேரே இழுத்தால் தண்டு அறுந்து வேர் சேற்றிலேயே நின்றுவிடும். கை நிறைந்ததும் தண்ணீரில் அலசி, வேரைக் காலில் தட்டிச் சேற்றை உதறி, ஊறவைத்த மூங்கில் நாரால் ஒரு சுற்று. இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கிற நாற்று வெந்து மஞ்சளாகும். முடிச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரவு வைத்தாலும் அதே கதைதான். மிஞ்சியதை விரற்கடைத் தண்ணீரில் நிமிர்த்தி வையுங்கள்.

மாடும் கணக்கில் வரும். ஒரு ஜோடி மாடும் ஓட்டுகிறவரும் ஒரு காலைப் பொழுது வந்தால், எங்கள் பக்கம் இரண்டு நடவு ஆள் திருப்பித் தர வேண்டும். கை டிராக்டர் என்றால் டீசல் வயல்காரருடையது, ஓட்டுகிறவருக்கு மட்டும் ஆள் கணக்கு. டீசலைப் பேசாமல் விட்டுத்தான் பாதிச் சண்டை.

சாப்பாடு அடுத்த வம்பு. ஒரு வீடு கோழி அடித்தால் அடுத்த வீட்டுக்கு மானப் பிரச்சினை, கடைசி வீடு கடன் வாங்கும். சோறு, ஒரு குழம்பு, வறுத்த மீன் அல்லது ஒரு காய், இதற்கு மேல் இல்லை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நடவு ஆளுக்கு வேளைக்கு ஒரு பால் டின் அரிசி, எட்டு டின் ஒரு பியி (பர்மாப் படி), ஆகப் பன்னிரண்டு பேருக்கு ஒன்றரைப் பியி போட்டால் சரியாக இருக்கும். மாட்டிறைச்சிப் பேச்சே வராது. உழுத மாட்டைத் தின்னக்கூடாது என்கிற பர்மிய விவசாயிகள் நிறையப் பேர். நாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வாசனை ஆகாது என்று மூக்கைப் பிடிக்கிற நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: உங்கள் கருவாட்டுக் குழம்பை அவர்கள் சகித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

கணக்கை வாசல் தூணில் சுண்ணாம்புக் கோடாகப் போட்ட காலம் போய் இப்போது நோட்டுப் புத்தகம். யாரிடம் நோட்டு என்பது முக்கியம். அதிக நிலம் உள்ளவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாள் பாக்கி நின்றால் அறுவடையில் நெல்லாகத் தீர்க்க வேண்டும், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று நடவுக்கு முன்பே பேச வேண்டும். கியாட்டில் பேசினால் ஆடியில் பேசிய பணம் மார்கழியில் அதே சாமானை வாங்காது. கூடை என்றால் 46 பவுண்டு, 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 16 பியி. அதில் யாரும் ஏமாற்ற முடியாது. வியாபாரி கூடையைப் பற்றி நான் பேசவில்லை, ஈரம் கழிவு என்று அவர் தள்ளுவது தனிப் புராணம்.

இனி நீங்கள் கேட்ட சிநேகிதம். பள்ளி ஜூனில் திறந்துவிடும், அதனால் நடவுக்குப் பிள்ளைகள் சனி ஞாயிறுதான் வருவார்கள். அவர்கள் வேலை கணக்கில் கிடையாது. முடிச்சு சுமப்பது, வரப்பில் நண்டு பிடிப்பது, தேநீர்க் கெண்டி தூக்குவது. பதினாலு பதினைந்து வயதில் அரை ஆள், அதன்பின் முழு ஆள். சேர்ந்து எருமை மேய்த்த நாலு பேர்தான் இருபது வயதில் ஒரே வரிசையில் நின்று நடுகிறார்கள். யார் வேகம் எவ்வளவு, யார் வயலில் எங்கே கால் புதையும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கூலி ஆளிடம் அது கிடைக்காது. தமிழ்ப் பிள்ளை பர்மிய வீட்டில் "அமே" (அம்மா) என்று கூப்பிட்டுச் சோறு கேட்பதும், அந்த வீட்டுப் பிள்ளை பொங்கலன்று நம் வாசலில் நிற்பதும் நடக்கிற விஷயந்தான். "இதில் கணக்கு என்ன கணக்கு, அதுவா நட்பு?" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நாற்பது நாள் முதுகு வளைத்து நட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நோட்டில் ஏறாத நாட்களும் உண்டு. சாவு விழுந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, தீப்பிடித்த வீடு, இந்த வீடுகளின் வயலை மற்றவர்கள் நட்டு முடித்துவிடுவார்கள். எழுதுகிறவரே நோட்டை எடுக்கமாட்டார். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது ஐராவதி டெல்டாவில் உழவு மாடும் எருமையும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அடுத்த மாதம் நாற்றங்கால். அந்த நேரத்தில் மாடு பிழைத்த வீட்டுக்காரர் மாட்டைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் ஆள் கேட்டால், அந்த ஊரில் அவர் பிறகு வாழ முடியாது.

இதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பர்மாத் தமிழர் என்றாலே பர்மா பஜாரும் அத்தோவும், இல்லாவிட்டால் செட்டியார் லேவாதேவியும்தான். 1964-இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள், கடைகளை எடுத்துக்கொண்டார்கள், கப்பல் ஏறினோம் என்று ஒரு கதை. அது உண்மைதான், மறுக்கவில்லை. ஏறாமல் சேற்றிலேயே நின்றவர்களை யார் கேட்கிறார்கள்? கோயில் தீமிதிக்கு வந்து வீடியோ எடுக்கிறவர்கள் ஒருவரும் வயல் பக்கம் திரும்புவதில்லை.

சரி, உங்கள் ஐந்து ஏக்கர். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்த பிறகு வாலிபர்கள் தாய்லாந்து போய்விட்டதால் பல ஊர்களில் ஆறு வீடு சேராது. நேரடியாக விதைத்துவிடுகிறவர்களும் அதிகம். களையைச் சமாளிக்க முடிகிற மேட்டில் நீங்களும் இரண்டு ஏக்கர் விதைத்துவிட்டு, பள்ளத்து மூன்று ஏக்கரை மட்டும் மாற்றாளில் வையுங்கள். நான்கு வீடு போதும். நாற்றங்கால் தேதியை மட்டும் மே மாதமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். முதல் மழை விழுந்துவிட்டால் யாரும் யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள்.