பழ ஈயின் திட்டுக் கண்: மரபணு இருக்கும் இடம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி (கல்லூரி மாணவி): மேடம், மரபணு பழுதாகாமல் இருந்தால், குரோமோசோமில் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதானே வேலை செய்யும்?

பதில்: இல்லைம்மா. 1930இல் ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிர் பாய்ச்சிய பழ ஈக்களின் சந்ததியில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த கண்களைக் கண்டார். கண்ணுக்குச் சிவப்பு நிறம் சேரத் தேவையான மரபணுவின் பெயர் 'ஒயிட்'. அது கெட்டால் கண் வெளுத்துவிடும், அதனால் அந்தப் பெயர். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். வழக்கமாக அது எக்ஸ் குரோமோசோமின் நுனியை ஒட்டி இருக்கும். திட்டுக் கண் ஈயில், குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து தலைகீழாக ஒட்டிக்கொண்டதால், 'ஒயிட்' சென்ட்ரோமியர் பக்கம் வந்துவிட்டது. செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்தான் சென்ட்ரோமியர். அங்கே டிஎன்ஏ இறுகிச் சுருண்டு கிடக்கும். அதற்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயர். அந்த இறுக்கம் பக்கத்துக்கு வந்த மரபணுவையும் மூடிவிடுகிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): அப்படியானால் கண் முழுக்க வெளுக்க வேண்டாமா? திட்டு எப்படி வருகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி சார் இது. இறுக்கம் எல்லா செல்லிலும் ஒரே தூரம் பரவுவதில்லை. சில செல்களில் மரபணு மூடப்படும், சிலவற்றில் தப்பிக்கும். அந்த நிலையை அவற்றின் வாரிசு செல்களும் பெரும்பாலும் காப்பாற்றும். அதனால்தான் திட்டு. டிஎன்ஏ வரிசை எல்லாவற்றிலும் ஒன்றுதான். இன்னொரு உடைப்பில் மரபணு சென்ட்ரோமியரை விட்டு விலகினால் சிவப்பு திரும்பிவிடும். மரபணு நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூடும் வேலையில் முக்கியமான ஒரு நொதி, ஹிஸ்டோன் எச்3 என்ற, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதத்தின் 9ஆவது அமினோ அமிலமான லைசினில் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறி வைக்கிறது. எச்பி1 என்ற புரதம் அந்தக் குறியைப் பிடித்து உட்காருகிறது. இவற்றில் ஒன்றின் மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலே கண்ணில் சிவப்பு கூடும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஒரே ஸ்டாக்தான் மேடம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்துவரும் ஒரே திட்டுக் கண் ஈக் கூட்டம். 18 டிகிரியில் வளர்த்தவற்றின் கண் வெளுத்திருக்கிறது. கலப்படமாக இருக்குமோ?

பதில்: ஸ்டாக்கை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிரில் மூடல் கூடுவது இந்த ஈக்களின் வழக்கம். பாதியை 25 டிகிரியில் வளர்த்து ஒப்பிடுங்கள். அப்புறம், ஒய் குரோமோசோமையும் கவனியுங்கள். கூடுதலாக ஒரு ஒய் இருந்தால் சிவப்பு கூடும். ஒய் ஏறக்குறைய முழுவதும் ஹெட்டிரோகுரோமாட்டின் என்பதால், மூடும் புரதங்களை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

கேள்வி: ஹெட்டிரோகுரோமாட்டின் எல்லா மரபணுவுக்குமே எதிரியா?

பதில்: இல்லை. 'லைட்', 'ரோல்டு' என்ற மரபணுக்கள் பிறந்த வீடே அதுதான். அவற்றை அங்கிருந்து பிரித்தால்தான் தடுமாறுகின்றன.

கேள்வி: நாங்கள் ஈக்களில் செலுத்திய ஒரே மரபணு, ஆறு லைனில் (தனித்தனி ஈ வழிகளில்) ஆறு அளவில் வெளிப்படுகிறது. என்ன செய்வது?

பதில்: அது ஒவ்வொரு லைனிலும் வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அளவை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், ஃபை சி31 என்ற நொதியைக் கொண்டு செருகும் முறையில், முன்பே தெரிந்த ஒரே இடத்தில் எல்லாவற்றையும் செருகுங்கள். எக்ஸில் செருகினால் ஆண் ஈயையும் பெண் ஈயையும் கலந்து அளக்காதீர்கள். ஆணின் ஒற்றை எக்ஸ், பெண்ணின் ஒரு எக்ஸைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேலை செய்யும். அங்கே செருகிய மரபணுவும் பெரும்பாலும் அதோடு சேர்ந்துகொள்ளும்.