பாயின்ட் ஷூ எப்போது, மேடை எப்போது: பாலே கேள்வி பதில்

லண்டனில் பாலே கற்று, ஒரு நடனக் குழுவில் 7 வருடம் கூட்டத்தோடு ஆடியவள் நான். இப்போது சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பெற்றோரும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: மகளுக்கு 9 வயது. பாயின்ட் ஷூ கேட்டு அழுகிறாள். வாங்கித் தரலாமா?

வேண்டாம். விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான கெட்டி முனை ஷூ அது. உடம்பின் பாரம் முழுவதும் கால்விரல் நுனியில் இறங்கும். பாத எலும்பு இன்னும் முற்றாத வயது இது. பொதுவாக 11, 12 வயதுக்கு மேல்தான் ஏற்றுவார்கள். அப்போதும் கணுக்கால் தாங்குமா என்று பார்த்துத்தான். என்னை ஒரு டீச்சர் 10 வயதிலேயே ஏற்றிவிட்டார். பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது, அதுகூட ஆறிவிட்டது. ஷூவுக்குள் விரலை மடக்கி நிற்கும் பழக்கம் போகத்தான் 2 வருடம் ஆனது. அழுதால் அழட்டும், பொறுத்திருங்கள்.

கேள்வி: 5 வருடம் பரதம் ஆடியிருக்கிறேன். அரைமண்டி பாலேவுக்கு உதவுமா?

தொடையை இடுப்பிலிருந்து திருப்பத் தெரிந்திருப்பது பெரிய உதவி. முழங்காலை முறுக்கிப் பாதத்தை மட்டும் விரித்தால் மூட்டு போய்விடும், இரண்டிலுமே. ஆனால் அரைமண்டியில் அமர்ந்தபடியே ஆடுவோம். பாலேயில் முழங்காலை மடக்கும் ப்ளியேவில் இறங்குவதே மறுபடி எழும்பத்தான். அப்புறம், தட்டி ஆடிப் பழகிய கால் குதித்து இறங்கும்போது சத்தம் போடும். அதை மாற்றத்தான் நாளாகும்.

கேள்வி: ராயல் பாலே ஸ்கூலில் இடம் கிடைத்தால் வேலை உறுதிதானே?

இல்லை. 11 வயதில் ரிச்மண்ட் பூங்காவிலுள்ள அதன் கீழ்ப்பள்ளியான வைட் லாட்ஜில் சேர்கிறார்கள். 16 வயதில் கோவென்ட் கார்டனில் உள்ள மேல்பள்ளிக்குப் போட்டி. பல நாட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அந்தப் பள்ளியையும் ராயல் பாலே குழு ஆடும் ஓப்பரா ஹவுஸையும் இணைத்துத் தெருவுக்கு மேலே ஒரு முறுக்குப் பாலம் இருக்கிறது. எல்லாரும் அதைக் கடந்து வேலைக்குப் போய்விடுவதில்லை. வேறு ஊர்க் குழுக்களின் தேர்வுகளுக்கும் இப்போதே தயாராகுங்கள்.

கேள்வி: ராயல் பாலே குழுவின் டார்சி பஸ்ஸல் 20 வயதிலேயே பிரின்சிபல், அதாவது முதன்மை நடனமணி, ஆனாரே?

ஆனார், 1989இல். நடன அமைப்பாளர் கென்னத் மக்மில்லன் தன் புதிய பாலேவுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது பெரிய திருப்பம். இத்தனைக்கும் 13 வயதில்தான் வைட் லாட்ஜுக்கு வந்தவர். ஆனால் அப்படி நடப்பது அபூர்வம். ராயல் பாலேயில் ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், அதற்கும் மேலேதான் பிரின்சிபல். முதல் படியிலேயே பல வருடம் போகலாம்.

அந்த வருடங்களை வீண் என்று நினைக்காதீர்கள். 'ஸ்வான் லேக்' இரண்டாம் காட்சியில் நாயகி ஆடும்போது, அன்னங்களாகிய நாங்கள் ஓரத்தில் அசையாமல் நிற்போம். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். முகத்தைத் திருப்பாமல் பக்கத்துத் தோளைக் கடைக்கண்ணால் பார்த்து வரிசையைக் காக்க வேண்டும். நிற்கவும் கேட்கவும் நான் கற்றது அங்கேதான்.

கேள்வி: ஒரு ஜோடி ஷூ எத்தனை நாள் வரும்?

பெரிய வேடம் என்றால் ஒரே இரவில் தீர்ந்துவிடும். முனை, துணியையும் பசையையும் அடுக்கிச் செய்தது, வியர்வையில் இளகும். ரிப்பனை நாமே தைக்க வேண்டும். நுனியை மெழுகுவத்தியில் லேசாகப் பொசுக்கினால் பிரியாது. நூலுக்குப் பதில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸால் தையுங்கள், அறுந்துபோகாது. ஃப்ரீட் நிறுவனத்தின் ஷூ என்றால் அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை இருக்கும். கால் ஒத்துப்போனால் அதைக் குறித்து வையுங்கள், அடுத்த முறையும் அதே கையைக் கேட்டு வாங்கலாம்.