கண்டி மன்னனுக்கு நெருக்கமாயிருந்த ஆங்கிலேயர் யானையால் கொல்லப்பட்டது ஏன்?

கேள்வி ஹென்றி மான் பற்றியது. மூதூருக்கு அருகே, கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் எழுதிவைத்ததால்தான் இது நமக்குத் தெரியும்.

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் தன் பிடியிலிருந்த ஆங்கிலேயர் சிலரை அரண்மனை வேலைக்கு எடுத்தான். மான் அங்கே பணியாளர்களுக்குத் தலைவனாகவே உயர்ந்தார். ஒருநாள் அரசனின் சீனப் பீங்கான் ஒன்றை உடைத்துவிட்டு, பயத்தில் பௌத்த விகாரைக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தார். பிழை அதுதான். பீங்கான் சின்ன விஷயம். அரசனை விட்டு இன்னொரு இடத்தில் பாதுகாப்புத் தேடியது பெரிய அவமதிப்பு. விகாரைக்குள் கைவைக்காமல், "பயப்படாதே, வா" என்று சொல்லியனுப்பினான் அரசன். வெளியே வந்ததும் முழங்கைக்கு மேலே கைகளைப் பின்புறமாகக் கட்டினார்கள்; கயிறு சதையை அறுத்தது.

பிறகு மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் அரச சேவைக்கு அழைக்கப்பட்ட ஒரு போர்த்துக்கேயர், தன்னை அதிலிருந்து விடுவிக்க அரசனிடம் பேசும்படி அவருக்குக் கடிதம் அனுப்பினார். மான் அதை அரசனிடம் சொல்லாமல் மறைத்தார்; பிறகு அது அரசனுக்குத் தெரிந்துவிட்டது. எழுதியவர், மானுக்காக அதை வாசித்தவர், பெற்ற மான் மூவரும் ஒரே நேரத்தில் யானைகளால் கொல்லப்பட்டார்கள்.

உள்ளூர்ப் பிரதானிகளுக்கு ஊரும் உறவும் இருந்தன. மானுக்கு இருந்தது அரசனின் தயவு மட்டும்.