குளவிக் கூடு, பழைய ஃபிரிட்ஜ், ஒரு தாள்: சூழல் மெய்யியல் கேள்வி–பதில்

கேள்வி: சூழலியலை அறிவியல் பாடமாகப் படித்தவன் நான். அதை வாழ்க்கை நெறியாக எடுத்துக்கொள்வது எப்படி? எங்கே கேட்டாலும் ‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்று ஒரு பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்.

பதில்: பட்டியலில் தொடங்குவதுதான் சிக்கல். அதில் இல்லாத நிலைமை ஒன்று வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்போம். நார்வே மெய்யியல் அறிஞர் ஆர்னே நேஸ் (1912–2009) வேறு வழி சொன்னார். ‘ஆழ்சூழலியல்’ என்ற சொல்லை 1973-இல் ஒரு சிறு கட்டுரை மூலம் பரப்பியவர் அவர். மாசையும் வளத் தட்டுப்பாட்டையும் மட்டும் பார்ப்பது மேலோட்டமான பார்வை. எதை மதிக்கிறோம், ஏன் இப்படி வாழ்கிறோம் என்று கேட்டுக்கொண்டே போவது ஆழமான பார்வை. இதுதான் அவர் கருத்து. ‘இது இப்படி இருக்கிறது’ என்பதோடு அறிவியல் நின்றுவிடும். ‘இப்படிச் செய்’ என்பது நம்மிடமிருந்து வர வேண்டும். அதனால் அவர் எழுதும்போது நெறியையும் கருதுகோளையும் தனித்தனியாக எழுதி, நெறிக்குப் பின்னால் ஆச்சரியக்குறி இடுவார்.

நீங்களும் ஒரு தாளை நான்கு அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே, உங்கள் அடிப்படை நம்பிக்கை; அது சமயத்திலிருந்தும் வரலாம், மெய்யியலிலிருந்தும் வரலாம். அடுத்து, வெவ்வேறு நம்பிக்கை உள்ளவர்களும் ஒப்பும் பொதுக் கொள்கை. 1984-இல் நேஸும் அமெரிக்க மெய்யியலாளர் ஜார்ஜ் செஷன்ஸும் ஆழ்சூழலியலின் பொதுக் கொள்கைகளாக எழுதிய எட்டு அம்சங்கள் இந்த அடுக்குக்கு உரியவை. மூன்றாவது, அதிலிருந்து கிடைக்கும் வாழ்க்கைமுறை. கடைசி, இன்று எடுக்க வேண்டிய முடிவு. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கீழே இறங்கும்போது எந்தக் கருதுகோளை நம்பி இறங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதை எழுதாமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஓர் எடுத்துக்காட்டு. ‘தேவைக்கு மேல் எடுக்காதே!’ என்பது நெறி. ‘பழைய பொருளை முடிந்தவரை ஓட்டினால் குறைவாக எடுக்கிறோம்’ என்பது கருதுகோள். செல்பேசிக்கு இது பொருந்தும். அதன் வாழ்நாளில் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே பேட்டரியை மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதே சரி. ஃபிரிட்ஜ் அப்படி அல்ல. அது இரவும் பகலும் மின்சாரம் இழுப்பதால், மிகப் பழையது என்றால் மாற்றுவதே குறைவாக எடுப்பதாக அமையலாம். நெறி மாறவில்லை, கருதுகோள்தான் மாறியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியவர் பழைய ஃபிரிட்ஜைக் காப்பாற்றுவதே அறம் என்று பிடிவாதம் பிடிப்பார்.

கேள்வி: எல்லா உயிருக்கும் சம மதிப்பு என்றால், ஜன்னல் சட்டத்தில் உள்ள குளவிக் கூட்டைக்கூட எடுக்கக் கூடாதா?

பதில்: ‘கொள்கையளவில்’ சமம் என்றுதான் நேஸ் எழுதினார். நடைமுறை வாழ்வில் கொஞ்சம் கொல்லாமலும் பயன்படுத்தாமலும் இருக்க முடியாது என்பதால்தான் அந்தச் சொல்லைச் சேர்த்தார். எட்டு அம்சங்களில் மூன்றாவதும் இதையொட்டியதே: உயிர்த்தேவைக்காக அன்றி, உயிர்களின் வளத்தையும் வகைமையையும் குறைக்க மனிதருக்கு உரிமை இல்லை.

ஆகவே முதலில் கூட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அது மண்கூடா? அப்படியானால் தனித்து வாழும் குளவியின் வேலை. உள்ளே மயக்கிப் போட்ட புழுவோ சிலந்தியோ இருக்கும், கூடவே ஒரு முட்டை. இந்தக் குளவி கூட்டைக் காக்கப் படையெடுத்து வராது, கையில் பிடித்தால் ஒழியக் கொட்டுவதும் அரிது. மண்ணில் வட்டமாக ஓட்டை இருந்தால் குஞ்சு பெரும்பாலும் வெளியேறியிருக்கும், சுரண்டி எடுக்கலாம். எல்லா அறைகளும் மூடியிருந்தால் விட்டுவிடுங்கள். சட்டத்தில் மண் படிந்திருப்பது உயிர்த்தேவைக்கு இடைஞ்சல் இல்லை. காகிதம் போன்ற பொருளால் ஆன, அறுகோண அறைகள் உள்ள கூடு என்றால் கதை வேறு. அது கூட்டமாக வாழும் குளவி, கிட்டே போனால் கொட்டும். குழந்தைகள் நடமாடும் வாசலில் இருந்தால் ஆள் வைத்து அகற்றுவதில் நெறிமீறல் எதுவும் இல்லை. ஆள் போகாத மூலையில் இருந்தால் விட்டுவிடலாம். ‘குளவி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தவறிவிடும்.

கேள்வி: இது வசதி படைத்தவர்களின் தத்துவம்தானே?

பதில்: இதைக் கூர்மையாகக் கேட்டவர் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா. அமெரிக்க ஆழ்சூழலியலாளர்கள் மனிதர் கால்படாத காட்டைக் காப்பதே முதல் வேலை என்கிறார்கள். அதை ஏழை நாடுகளில் அப்படியே நட்டால் காட்டை நம்பி வாழ்பவர்கள்தான் வெளியேற்றப்படுவார்கள் என்று 1989-இல் எழுதினார். வளமான நாடுகளின், நகர மேட்டுக்குடியின் மிகை நுகர்வையும் ராணுவமயமாதலையும்தான் அவர் முதன்மைச் சிக்கல்களாகக் கண்டார். அந்த விமர்சனம் சரி என்றே கருதுகிறோம். உங்கள் தாளின் மூன்றாவது அடுக்கில் ‘இந்த முடிவுக்கு விலை கொடுப்பவர் யார்?’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பதில் ‘வேறு யாரோ’ என்று வந்தால் மேலே போய் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: திறன் மிக்க கருவிகளை வாங்கினால் போதாதா?

பதில்: போதாது. நீராவி இயந்திரங்களின் திறன் கூடியபோது நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறியதை ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே சுட்டிக்காட்டினார். வீட்டிலும் இதே கதைதான்: புது ஃபிரிட்ஜ் வரும், பழையது இரண்டாவது ஃபிரிட்ஜாக இன்னோர் அறையில் ஓடும். பழையதை ஒப்படைத்த பிறகே புதியதை இயக்குங்கள். அதன் குளிரூட்டும் வாயுவைப் பாதுகாப்பாக எடுக்கும் மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுங்கள். பல பழைய ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்134ஏ என்ற குளிரூட்டும் வாயு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றும்.

கேள்வி: வீட்டில் மற்றவர்கள் ஒத்துவரவில்லை. ஃபிரிட்ஜை மாற்றலாமா என்பதிலேயே தினமும் வாக்குவாதம்.

பதில்: வாக்குவாதம் நெறியிலா, கருதுகோளிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் கருதுகோளில் என்றுதான் தோன்றுகிறது. அதை அளந்தே தீர்த்துவிடலாம். முதலில் கதவில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பின்பக்கச் சுருளில் படிந்த தூசியைத் துடையுங்கள். பிறகு ஃபிரிட்ஜின் பிளக்குக்கும் சுவர்ச் சாக்கெட்டுக்கும் நடுவே மின் அளவியைச் செருகி 7 நாள் விடுங்கள். கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் அந்தந்த நேரத்தில் காட்டும் வாட் எண்ணை நம்பாதீர்கள், மொத்த யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 52-ஆல் பெருக்கி, வாங்க நினைக்கும் ஃபிரிட்ஜின் மின்சிக்கன முத்திரைச் சீட்டில் உள்ள ஆண்டு யூனிட்டுக்குப் பக்கத்தில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள்.