பழைய வீட்டு கராஜ் கதவு பாதியில் நிற்கிறது. புது ஓப்பனரை நானே மாட்டலாமா?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவில் 1960களில் கட்டிய வீடு வாங்கியிருக்கிறார். கராஜ் கதவு பாதி ஏறி நின்றுவிடுகிறது. சில நாள் ரிமோட்டும் வேலை செய்வதில்லை. கதவை ஏற்றி இறக்கும் மோட்டார் பெட்டியை, அதாவது ஓப்பனரை, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டு, நானே மாட்டலாமா, ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்கிறார். எனக்கு முன் பதில் சொன்ன நாலு பேரும் 'வைஃபை இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்' என்கிறார்கள். அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் நானும் வாங்கினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதவு மெக்கானிக் இல்லை. பிழைப்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங். நியூஜெர்சியில் ஒரு பழைய வீட்டில் பத்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அவ்வளவுதான் தகுதி. 'கதவோடு இழுத்து மாட்டியிருக்கும் ஸ்ப்ரிங்கைத் தொட்டால் விரல் போய்விடும், அதைச் சொல்லாமல் எழுதுகிறாரே' என்று யாராவது கீழே வருவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்ப்ரிங்கை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

எங்கள் வீடு 1958ல் கட்டிய ஸ்ப்ளிட் லெவல். பாதி மாடி ஏறினால் படுக்கையறை, அதற்கு நேர் கீழே ஒரே ஒரு கார் நிற்கிற கராஜ். நாலு பலகையாக மடிந்து ஏறுகிற மரக் கதவு. உள்ளே தொங்கிய ஓப்பனரில் 1984 என்று லேபிள் இருந்தது. அதற்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கூரையில் பல்பு மாட்டுகிற ஹோல்டரில் ஒரு அடாப்டரைத் திருகி, அதில் சொருகியிருந்தார்கள். எர்த் கிடையாது. வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதிக்க வந்தவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி, கதவு ஏறியதும் 'வேலை செய்கிறது' என்று டிக் போட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு டிக்குக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம்.

முதல் குளிர்காலத்திலேயே, ஜனவரியில், கதவு பாதியில் நின்றது. ஓப்பனர் பெட்டியின் பின்பக்கம் இரண்டு திருகு இருந்தது, ஏறும்போது எவ்வளவு விசை, இறங்கும்போது எவ்வளவு விசை என்று. இரண்டையும் முழுசாகத் திருப்பிவிட்டேன். கதவு ஏறியது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை! மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டினேன்.

மார்ச்சில் மறுபடி நின்றது. சரி, கிழட்டு மோட்டார், போய்விட்டது என்று முக்கால் குதிரைத்திறன் பெல்ட் டிரைவ் ஓப்பனர் ஒன்றை 280 டாலருக்கு வாங்கி வந்தேன். மேலே படுக்கையறை இருப்பதால் செயின் வேண்டாம், பெல்ட்தான் சத்தமில்லாமல் ஓடும் என்று படித்திருந்தேன். அது மட்டும் சரியான முடிவு.

மாட்டுவதற்கு முன் அதோடு வந்த புத்தகத்தைப் படித்தேன். டெஸ்டிங் ஆள், பழக்க தோஷம். அதில் ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள். ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு கட்டையை வாசலில் படுக்கப் போட வேண்டும், இங்கே எந்த மரக் கடையிலும் கிடைக்கிற டூ-பை-ஃபோர் போதும். கதவு இறங்கிக் கட்டையைத் தொட்டதும் இரண்டு நொடிக்குள் திரும்ப ஏற வேண்டும். பழையது இன்னும் கழற்றவில்லையே, இதிலும் போட்டுப் பார்ப்போம் என்று கட்டையை வைத்து பட்டனை அழுத்தினேன்.

கதவு இறங்கியது. கட்டையில் உட்கார்ந்தது. திரும்பவில்லை. செயின் முறுகி, மோட்டார் உறுமி, கதவு அழுத்திக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய் அடாப்டரைப் பிடுங்கினேன். கட்டையில் கதவு பதிந்த தழும்பு இருந்தது. அது மரம்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. கதவு இறங்கும்போது குனிந்து ஓடி வெளியே போவது அவளுக்கு ஒரு விளையாட்டு. இரண்டு மாதமாக அந்த விசைத் திருகு முழுசாகத் திறந்திருந்தது, திருகியவன் நான். 1984 மாடல், ஏதாவது தட்டினால் திரும்புகிற வசதி அதற்குள் இருந்திருக்கும். விசையைக் கூட்டி அதைச் செவிடாக்கியது நான்தான். இங்கே குழந்தைகள் இப்படிச் சிக்கி இறந்ததால்தான் 1990ல் சட்டம் கொண்டுவந்து, 1993 ஜனவரியிலிருந்து தயாராகும் வீட்டு ஓப்பனர்களில் திரும்புகிற வசதி மட்டும் போதாது, கதவின் வழியில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சாரோ அதற்கு ஈடான இன்னொரு பாதுகாப்போ வேண்டும் என்றார்கள். இதைப் பற்றி வீட்டில் நான் ரொம்ப நாள் பேசவில்லை. இங்கே பெயர் போடாமல் எழுதுவதால் எழுதுகிறேன்.

அன்றைக்கே பழையதைக் கழற்றினேன். உங்களிடம் இருப்பதும் தரைக்கு அருகில் இரண்டு பக்கமும் குட்டி சென்சார் இல்லாத ஓப்பனர் என்றால், ரிப்பேர் என்ற பேச்சே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

புதியதை மாட்ட ஒரு சனி, ஒரு ஞாயிறு. யூடியூபில் நாற்பது நிமிடத்தில் முடிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கூரை சமமாக இருக்கும், உத்தரம் எங்கே என்று தெரியும். எங்கள் வீட்டில் கதவுக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்குப் பின்னால் வரிசையாக அடித்த மெல்லிய மரச் சட்டங்கள். சுவருக்குள் நிற்கும் கட்டையை (ஸ்டட்) கண்டுபிடிக்கிற கருவி எல்லா இடத்திலும் பீப் அடித்தது. மெல்லிய ஆணியை அடித்து அடித்துத்தான் உள்ளே கட்டையைக் கண்டுபிடித்தேன். ஓப்பனரின் தண்டவாளம் வந்து சேருகிற அந்த பிராக்கெட் உள்ளே இருக்கும் கட்டையில்தான் தடித்த ஸ்க்ரூ போட்டு இறங்க வேண்டும், வெறும் பூச்சில் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கரண்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எர்த்தோடு, கசிவு வந்தால் தானே துண்டிக்கிற அவுட்லெட் போட்டுக் கொடுத்தார். எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து ஒப்பேற்றாதீர்கள். பழைய கதவில் கையால் போடும் தாழ்ப்பாள் இருக்கும், அதையும் கழற்றிவிடுங்கள். பூட்டியிருப்பது தெரியாமல் ரிமோட்டை அழுத்தினால் கதவு வளைந்துவிடும். சுவர் பட்டன் தரையிலிருந்து ஐந்தடி உயரத்துக்குக் குறையக் கூடாது, குழந்தைக்கு எட்டக்கூடாது என்பதற்காக. சென்சார் ஆறு அங்குலத்துக்கு மேலே போகக் கூடாது. நான் முட்டி வலிக்கு பயந்து ஒரு அடி உயரத்தில் வைத்திருந்தேன், பிறகு இறக்கினேன்.

எல்லாம் முடிந்து கட்டை சோதனையும் பாஸ். ஆறு வாரம் ராஜா மாதிரி ஓடியது. மே மாதம் ஒரு காலையில் பட்டனை அழுத்தினேன், படார் என்று சத்தம். ஓப்பனரின் கை கதவின் மேல் பலகையைப் பிய்த்துக்கொண்டு தனியாக ஏறிப் போனது. கதவு அப்படியே தரையில் நின்றது.

அப்போது அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா அருப்புக்கோட்டையில் முப்பத்தைந்து வருடம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்குவது, ராத்திரி ஒன்பதரைக்கு இறக்குவது என்று வாழ்நாள் போனது. அவர் வந்து பிய்ந்த பலகையைப் பார்க்கவேயில்லை. நேராகக் கதவின் கீழ்ப்பக்கம் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார். ஒரு முழம்கூட ஏறவில்லை.

"என்னப்பா இந்தக் கனம் கனக்குது? ஸ்ப்ரிங் செத்துப்போச்சே. இதையா மோட்டார் தூக்கிட்டிருந்துச்சு?"

நான் முக்கால் குதிரைத்திறன் என்று ஆரம்பித்தேன். "குதிரையைக் கட்டினாலும் அச்சாணி இல்லாத வண்டி எங்க போகும்?" என்றார். கடை ஷட்டர் கனக்க ஆரம்பித்தால் ஷட்டர்க்காரரை வரச்சொல்லி ஸ்ப்ரிங்கை முறுக்கி வைப்பார்களாம், பூட்டை மாற்ற மாட்டார்களாம். இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். கதவைத் தூக்குவது ஸ்ப்ரிங். ஓப்பனர் அதைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற ஆள் மட்டும்தான். மேலே ஏறுகிற கதவைச் சந்தைக்குக் கொண்டுவந்த சி. ஜி. ஜான்சன் அதைச் செய்தது 1921ல், மின்சார ஓப்பனர் வந்தது 1926ல். நடுவில் ஐந்து வருடம் கையால்தான் தூக்கியிருக்கிறார்கள். ஸ்ப்ரிங் சரியாக இருந்தால் ஒற்றைக் கையால் ஏற வேண்டிய கதவு அது.

ஸ்ப்ரிங் ஆளை வரவழைத்தேன். அவர் ஸ்ப்ரிங்கின் இழுவையை விடுவித்துவிட்டு, நாம் எடை பார்க்க வைத்திருக்கும் பாத்ரூம் தராசைக் கேட்டார். தராசைத் தரையில் வைத்து அதன் மேல் கதவை இறக்கினார். 168 பவுண்டு. அதாவது 76 கிலோ. "ஒரு மூட்டை அரிசி" என்றார் அப்பா. அப்பா காலத்தில் ஊரில் அரிசி மூட்டை 75 கிலோ, கடைக்காரருக்குத் தராசு கண்ணிலேயே இருக்கும்.

அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்றால், முந்தைய உரிமையாளர் குளிருக்காகக் கதவின் உட்பக்கம் முழுக்க ஒட்டுப்பலகை அடித்திருந்தார். போதாததற்கு அறுபது வருடப் பெயின்ட். ஸ்ப்ரிங்கோ பழைய எடைக்குப் போட்டது, அதுவும் தளர்ந்துவிட்டது. எங்களுடையது கதவு ஓடும் டிராக்கை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாக இழுபடுகிற வகை. அறுந்தால் கராஜுக்குள் சாட்டை மாதிரி பறக்கும், அதைப் பிடித்துக்கொள்ள ஸ்ப்ரிங்குக்கு நடுவே ஒரு கம்பிக் கேபிள் ஓட வேண்டும். எங்களுக்கு அது இல்லவே இல்லை. கதவுக்கு மேலே ஒரு தண்டில் முறுக்கி வைத்திருக்கும் வகை இன்னொன்று. அதைச் சாதாரணமாக 10,000 தடவை ஏறி இறங்கத்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. முறுக்கு ஏறிய நிலையில் அதை ஸ்பேனரால் தொட்டவர்கள் கதையை ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும்.

எடைக்கேற்ற இரண்டு ஸ்ப்ரிங், கேபிள், பத்து ரோலர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 340 டாலர் ஆனது. மேல் பலகையைப் பசை போட்டு ஒட்டி, குறுக்கே ஒரு இரும்புப் பட்டை வைத்து, ஸ்க்ரூவுக்குப் பதில் மறுபக்கம் வரை போகிற போல்ட் போட்டது நானே. அதற்குப் பிறகு அந்த ஓப்பனர் ஓடுகிற சத்தமே மாறிவிட்டது. 1984 கிழவனும் நல்ல ஸ்ப்ரிங் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தூக்கியிருப்பான். சென்சார் இல்லாததால் அவன் எப்படியும் போக வேண்டியவன்தான், அது வேறு.

இதெல்லாம் தெரிந்த பிறகு எங்கள் வட்டாரத்துத் தமிழர்களுக்கு நான் கராஜ் கதவு ஆலோசகர் ஆகிவிட்டேன். அதில் வருத்தமில்லை. ஆனால் என் எட்டடி ஃபைபர் ஏணி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நண்பர் 'நாளைக்கே தந்துடறேன் அண்ணா' என்று எடுத்துப் போனார். அவரிடமிருந்து இன்னொருவர், அங்கிருந்து இன்னொருவர். போன பொங்கல் விழாவில் மேடைத் தோரணம் கட்ட ஒரு ஏணி நின்றது. என்னுடையதுதான், கால் பக்கம் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. கேட்டால் 'உங்களுதா? சங்கத்து ஏணின்னு நெனச்சேன்' என்கிறார்கள். அதே ஆட்கள்தான் 'இவ்வளவு சம்பளம் வாங்கிட்டு இதெல்லாம் நீயே செய்யணுமா' என்று சிரிப்பவர்களும். கையில் ஸ்பேனர் எடுத்தால் கௌரவம் குறைகிறது, ஏணி கடன் வாங்கினால் குறையாது.

சரி, உங்கள் ரிமோட். ஓப்பனரில் இருக்கும் பல்பைச் சமீபத்தில் எல்இடிக்கு மாற்றினீர்களா? சில எல்இடி பல்புகள் ரிமோட் பயன்படுத்தும் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். விளக்கு எரியும்போது மட்டும் ரிமோட் முரண்டு பிடிக்கிறதா என்று பாருங்கள், பல்பைக் கழற்றிவிட்டு அழுத்தினாலே தெரிந்துவிடும். சாயங்காலம் மட்டும் கதவு மூட மறுத்தால் அது ரிமோட் இல்லை, தாழ்ந்த வெயில் சென்சாரின் கண்ணில் அடிக்கிறது. இரண்டு சென்சாரில் ஒன்று ஒளிக்கதிரை அனுப்புவது, மற்றது வாங்குவது. இரண்டையும் பக்கம் மாற்றி, வாங்குகிற கண்ணை நிழல் பக்கம் வையுங்கள்.

கதவுக்கு வருவோம். கதவு முழுக்க மூடியிருக்கும்போது, மூடியிருக்கும்போது மட்டும், ஓப்பனரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவை ஓப்பனரிலிருந்து விடுவித்துவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள். திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்ப்ரிங்கும் அறுந்திருந்தால் மொத்தக் கதவும் உங்கள் மேல் வரும். இடுப்பு உயரத்தில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் ஓப்பனரைச் சந்தேகப்படலாம், வாங்கி நீங்களே மாட்டலாம். தொப்பென்று இறங்கினாலோ, தூக்கவே முடியவில்லை என்றாலோ முதலில் ஸ்ப்ரிங் ஆள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். கதவு மரமா தகரமா, ஸ்ப்ரிங் பக்கவாட்டிலா மேலேயா என்று ஒரு படமும் போடுங்கள். ஓப்பனர் படம் வேண்டாம்.