துணிமணி கேள்வி-பதில்: டெல்லிக் குளிருக்கு பீ கோட்

கேள்வி: மேற்படிப்புக்காக என் தங்கை மகன் கோவையிலிருந்து இங்கே வந்திருக்கிறான். பீ கோட் (இரட்டை வரிசைப் பட்டன் வைத்த கனத்த கம்பளிக் கோட்டு) வேண்டுமாம். சரோஜினி நகரில் 1,200 ரூபாய்க்கும் தொங்குகிறது, மாலில் 12,000-க்கும் தொங்குகிறது. இரண்டுமே ‘ப்யூர் வூல்’ என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: கடைக்காரர் சொல்வது இருக்கட்டும், உள்தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். கழுத்தில் பெரிதாகத் தைத்திருப்பது வெறும் அலங்காரம். கம்பளி 70, 80 சதவீதமும் மீதி நைலானும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்; அந்த நைலான் முழங்கையும் பாக்கெட் ஓரமும் சீக்கிரம் தேயாமல் காக்கும். கம்பளி பாதிக்குக் கீழே போய், மீதியெல்லாம் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ என்றால் கம்பளி விலை கொடுக்காதீர்கள்.

மாலுமிகளுக்காகப் பிறந்த கோட்டு இது. இதற்கு ஏற்ற துணி மெல்டன். நெய்தபின் நன்றாகச் சுருங்க வைத்து அடித்து இறுக்கியிருப்பார்கள். ஊடும் பாவும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் புள்ளி புள்ளியாக ஒளி கசியக் கூடாது. கைப்பிடிக்குள் பத்து விநாடி கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி தானே நிமிரும், மட்டமானதில் கசங்கல் நிற்கும். கனமும் ஒரு சாட்சிதான். ஆண்களுக்கான நடுத்தர அளவு ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு கிலோகூடத் தேறாதது வெறும் தோற்றத்துக்குத்தான்.

லேபிளில் கம்பளி என்று போட்டிருந்தும் ஒரே மாதத்தில் அக்குளிலும் விலாவிலும் பஞ்சு உருண்டை கட்டும் கோட்டுகள் உண்டு. பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து மறுபடி நூலாக்கிய துணியாக இருக்கலாம். பக்கத்துப் பானிபட்டில் இது பெரிய தொழில். கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் உரசிய இடத்தில் நுனி வெளியே வந்து சுருண்டுகொள்கிறது. போர்வைக்கு அது போதும், கோட்டுக்குப் போதாது.

சந்தேகம் தீரவில்லையா? உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி மெல்ல எரிந்து தானே அணையும். மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கலப்பில் இரண்டும் தெரியும். கடைக்குள் தீக்குச்சி கிழிக்க விடமாட்டார்கள்; பில்லோடு வாங்கி, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டில் பாருங்கள். நடைபாதைக் கடையில் அந்த வசதி ஏது? அங்கே உங்கள் கைதான் சோதனைச்சாலை.

அளவு பார்க்கும்போது பையனை ஸ்வெட்டரோடு அழைத்துப் போங்கள். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். எல்லாப் பட்டனும் போட்டு இரு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். முதுகு இறுகினால் ஒரு அளவு கூட்டுங்கள். கை நீளத்தை ஓர் அங்குலம் குறைக்க எந்தத் தையல்காரராலும் முடியும். தோளைக் குறைப்பதென்றால் கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும். கூலியும் அதிகம், பெரும்பாலும் கோணிக்கொள்ளும். பின்பக்கத் திறப்பில் பெருக்கல் குறி போல் ஒரு தையல் இருந்தால், போடும் முன் வெட்டிவிடுங்கள். அது கடையில் தொங்கும்போது மடிப்பு கலையாமல் இருக்கப் போட்டது. அதோடேயே மெட்ரோவில் திரிபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: தினமும் ஸ்கூட்டரில் நொய்டா போகிறேன். பீ கோட் போட்டும் நெஞ்சு குளிர்கிறதே?
– வாசகர், மயூர் விஹார்

பதில்: கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும், வேகக் காற்றை முழுக்கத் தடுக்காது. ஸ்வெட்டருக்கு மேல், கோட்டுக்கு உள்ளே மெல்லிய நைலான் விண்ட்சீட்டர் ஒன்று போடுங்கள். காலரைத் தூக்கி மேல்பட்டன் வரை பூட்டி, கழுத்தில் மப்ளர் சுற்றுங்கள். முதுகுப்பையை மட்டும் முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். பட்டை உரசினால் தோளில்தான் முதலில் உருண்டை கட்டும். மூடுபனியில் நனைந்து வந்தால் அகலத் தோள் ஹேங்கரில் மாட்டி ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ரூம் ஹீட்டர் முன்னால் தொங்கவிட்டால் துணி விறைத்துப்போகும்.

கேள்வி: போன வருடம் பெட்பாக்ஸில் (கட்டிலடிப் பெட்டியில்) வைத்த கோட்டில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அந்துருண்டை போட்டுத்தானே வைத்தேன்?
– வாசகி, ஜனக்புரி

பதில்: அழுக்கோடு வைத்திருப்பீர்கள். அரிப்பது பூச்சியல்ல, அதன் புழு. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் அது முதலில் தேடிப் போகும். மார்ச்சில் ஒருமுறை டிரைக்ளீன் செய்து, அந்த மருந்து வாசனை போக ஒருநாள் நிழலில் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் உறை வேண்டாம். ஜூலை, ஆகஸ்டு ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து வையுங்கள், கோட்டின் மேல் நேராகப் படக் கூடாது. இப்போதிருக்கும் ஓட்டைகளை ரஃபு செய்பவரிடம், அதாவது நூலால் இழை பின்னி ஓட்டையை அடைப்பவரிடம் காட்டுங்கள். மெல்டனில் நெசவு தெரியாது என்பதால் அடைத்த இடமும் அவ்வளவாகத் தெரியாது.