கையைக் கடிக்காமல் இத்தாலி: ஜோடியாகப் போகிறவர்கள் கேட்டவை

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இருவராக இத்தாலி சுற்ற நினைப்பவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. நானும் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், அதனால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். காசு கட்டுமுன் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, கல்யாணமாகி முதல் வெளிநாட்டுப் பயணம். இரண்டு வாரம் லீவு. ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி, புளோரன்ஸ், பீசா, சிங்க்வே தெர்ரே, மிலான், வெனிஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். இருவருக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? - சேலம்

ப: பட்டியலைப் படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குகிறது, தம்பி. சாப்பாட்டிலும் மியூசியத்திலும்தான் காசு போகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஊர் மாறும் நாளில்தான் பர்ஸ் இளைக்கும். ரயில் டிக்கெட், பையை வைக்க லாக்கர் வாடகை, பசி தாங்காமல் ஸ்டேஷன் வாசலில் இரட்டை விலைக்கு ஒரு தட்டு, அறை தரும் நேரம் வரை தெருவில் காவல். எட்டு ஊர் என்றால் இதெல்லாம் எட்டு முறை.

மூன்று ஊரில் மட்டும் தங்குங்கள். ரோம் ஒன்று, நடுவில் புளோரன்ஸ் அல்லது பொலோனியா, மூன்றாவதாக நேப்பிள்ஸ் அல்லது வெனிஸ். மற்ற ஊர்களுக்குக் காலையில் போய் இரவு திரும்பலாம். நடு ஊருக்கு என் ஓட்டு பொலோனியாவுக்கு. 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். மாணவர் கூட்டத்தால் மலிவான சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தெருவோரம் முழுக்கத் தூண் வைத்த தாழ்வாரங்கள், மழையிலும் குடை இல்லாமல் நடக்கலாம். சான் லூக்கா கோயிலுக்கு ஏறும் தாழ்வாரத்தில் மட்டும் 666 வளைவுகள், ஏறத்தாழ 4 கிலோமீட்டர், சல்லிக்காசு செலவில்லை. ராவென்னா, ஃபெர்ராரா, மோதெனா எல்லாம் சாதாரண ரயிலில் போய்வரும் தூரம். ராவென்னாவின் 5, 6-ஆம் நூற்றாண்டு மொசைக்குகளை, அதாவது சின்னச் சின்ன வண்ணக் கல் பதித்த ஓவியங்களை, விட்டுவிட்டு பீசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுக்கப் போகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். வருத்தப்படுவேன், அவ்வளவுதான்.

நவம்பரிலோ, மார்ச் முதல் பாதியிலோ போனால் அறை, சாப்பாடு, உள்ளூர் பஸ், ஒரு நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து இருவருக்கும் நாளுக்கு 130 முதல் 160 யூரோவில் ஓட்டலாம் என்பது என் கணக்கு. மே, ஜூன், செப்டம்பரில் அறை வாடகையே இதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில் ஒரு பக்கம், 15-ஆம் தேதி விடுமுறையை ஒட்டிக் கடைகளைப் பூட்டிக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவது இன்னொரு பக்கம்.

கே: ரயில் பாஸ் எடுக்கலாமா? - ஈரோடு

ப: மூன்று ஊர்த் திட்டத்துக்குப் பாஸ் நஷ்டம். வேக ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

நீண்ட தூரத்துக்கு ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ என்று இரண்டு கம்பெனிகளின் வேக ரயில்கள் போட்டிபோட்டு ஓடுகின்றன. ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம். சில வாரங்களுக்கு முன்பே எடுத்தால் சல்லிசு, அன்றன்று எடுத்தால் கண்ணைக் கட்டும். குறுகிய தூரத்துக்கு ரீஜனாலே எனும் சாதாரண ரயில். இதன் கட்டணம் கடைசி நிமிடத்திலும் ஏறாது, முன்பதிவும் தேவையில்லை. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்திலுள்ள சின்ன மெஷினில் செருகித் தேதியும் நேரமும் அச்சடித்துக்கொள்ள வேண்டும். மொபைல் டிக்கெட் என்றால் செக்-இன் அழுத்த வேண்டும். மறந்தால் அபராதம். வெளியூர்க்காரர், தெரியாது என்ற கதையெல்லாம் பரிசோதகரிடம் எடுபடாது.

ரோமிலிருந்து புளோரன்ஸுக்கு ஒருமுறையாவது சாதாரண ரயிலில் போங்கள். வழியில் அரெத்சோவில் இறங்க, டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து எடுத்தால் போதும். சான் ஃபிரான்செஸ்கோ தேவாலயத்தில் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. ரோமானியர் காலத்தில் இந்த ஊர் அர்ரேத்தியம். பளபளப்பான சிவப்பு மட்பாண்டத்துக்குப் பேர் போனது. அந்தப் பாண்டத்தின் துண்டுகள்தான் புதுச்சேரி பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தன. அரெத்சோவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் முழுக் கிண்ணங்களையே பார்க்கலாம், அடியில் குயவரின் முத்திரையோடு. அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் என் வீட்டுக்காரரை நகர்த்தப் பெரும்பாடு பட்டேன்.

கே: எங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அறை கொடுப்பார்களா? டார்மிட்டரியில் இரண்டு படுக்கை எடுத்தால் மிச்சமாகுமா? - ஊர் வேண்டாம்

ப: யாரும் கேட்கமாட்டார்கள். இருவர் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். தங்குகிறவர்கள் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது அங்கே சட்டம், எல்லோருக்கும் பொது. மடங்களும் கன்னியர் இல்லங்களும் நடத்தும் விடுதிகளில் மட்டும் கொஞ்சம் கவனம். சுத்தம், அமைதி, நியாயமான வாடகை எல்லாம் இருக்கும். ஆனால் பல இடங்களில் தனித்தனிக் கட்டில், இரவில் வாசல் சாத்தும் நேரமும் உண்டு.

டார்மிட்டரி தனியாளுக்குத்தான் லாபம். இரண்டு படுக்கைக்குக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஒரு சாதாரண தனி அறைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஹாஸ்டலிலேயே தனி அறையும் சமையலறையும் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், ஊர் வரி என்று ஒன்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என வாங்குவார்கள். முன்பதிவில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது. சில்லறையாகக் கையில் வைத்திருங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பட்டினிதானா அக்கா? - கும்பகோணம்

ப: ஐரோப்பாவில் சைவர்களுக்கு இதைவிட நல்ல நாடு வாய்ப்பது கஷ்டம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கக் கூடாது. பெட்டியில் வரும் காய்ந்த பாஸ்தாவில் முட்டை இருக்காது. பொலோனியா பக்கம் கையால் செய்யும் புது பாஸ்தாவில் முட்டை கட்டாயம். ரிசோட்டோ சோறுதானே என்று வாங்கினால் கோழிச் சாற்றில் வெந்திருக்கும். மினெஸ்த்ரோனே காய்கறி சூப்தான், ஆனால் பன்றிக் கொழுப்பு போட்டுத் தாளிக்கும் கடைகள் உண்டு. பார்மிஜானோ சீஸை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். அதுவும் ஆகாது என்றால் பரிமாறும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது "சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா" என்று சொல்லுங்கள். கறி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள்.

கைச்செலவுக்குத் தோதானது பிட்ஸா அல் தாலியோ. நீளமான தட்டில் பிட்ஸா இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று விரலால் காட்டினால் கத்தரிக்கோலால் நறுக்கி, தராசில் போட்டு, மறுபடி சூடாக்கித் தருவார்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கு. உருளைக்கிழங்கு, ரோஸ்மேரி போட்டதைக் கேட்டுப் பாருங்கள். பிட்ஸா மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், சீஸே கிடையாது, பட்டியலில் மலிவானதும் அதுதான். புளோரன்ஸில் ரிபொல்லீத்தா என்று பீன்ஸும் கருங்கீரையும் பழைய ரொட்டியும் போட்ட கெட்டிச் சாறு கிடைக்கும். குளிருக்கு அமிர்தம்.

காபியை நின்றுகொண்டே குடியுங்கள். கவுண்டரில் ஒன்றரை யூரோவுக்குள் முடிகிற எஸ்பிரெஸ்ஸோ, பேர்போன சதுக்கத்தில் மேஜையில் உட்கார்ந்தால் பல மடங்காகிவிடும். உணவகத்தில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் வரும், அது ஏமாற்று இல்லை, வழக்கம். சூப்பர் மார்க்கெட்டில் பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். பக்கத்தில் தொங்கும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டி எடுத்து, தராசில் அந்தப் பழத்தின் எண்ணை அழுத்தி, வரும் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கவுண்டருக்குப் போனால் பின்னால் நிற்கும் வரிசை முறைக்கும். கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் இல்லாமல் முடியாது என்றால் ரோமில் தெர்மினி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எஸ்குவிலீனோ மார்க்கெட் இருக்கிறது. வங்கதேசத்துக் கடைக்காரர்கள் நிறைய.

கே: மியூசியம் டிக்கெட்டே மொத்தக் காசையும் தின்றுவிடும் போலிருக்கிறதே? - தஞ்சாவூர்

ப: மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். வத்திக்கான் தனி நாடு, அங்கே கடைசி ஞாயிறு காலை. ஆனால் இலவச நாளில் ரோமின் கொலோசியத்துக்கும் புளோரன்ஸின் உஃபிஸி ஓவியக் கூடத்துக்கும் போகாதீர்கள், வரிசையிலேயே நாள் முடிந்துவிடும். அந்த நாளை ரோமின் பலாத்ஸோ மாசிமோ அருங்காட்சியகம் போன்ற இடத்துக்கு வைத்துக்கொண்டு, கொலோசியத்துக்குக் காசு கொடுத்தே போங்கள். 18 யூரோ டிக்கெட்டில் பக்கத்திலுள்ள பழைய ரோமின் சதுக்கமான ஃபோரமும் பலட்டைன் குன்றும் சேர்த்திதான். உஃபிஸி திங்கட்கிழமை கிடையாது.

காசே கேட்காத பெரிய மியூசியம், தேவாலயங்கள். ரோமில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி என்ற தேவாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோவின் மூன்று படங்கள், புனித மத்தேயுவின் கதை, தீட்டிய இடத்திலேயே இருக்கின்றன. மூலை இருட்டாக இருக்கும். பக்கத்துப் பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். அப்போது அங்கே நிற்கும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அடுத்த நாணயம் யார் போடுவது என்று! சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை, அதற்கும் கட்டணமில்லை. மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலோ மாலையிலோ போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா போதும்.

கே: மனைவிக்கு வெனிஸில் கோண்டோலாவில் போக ஆசை. 90 யூரோவாமே! - திருநெல்வேலி

ப: 90 என்பது பகலில் அரை மணி நேரத்துக்கு, படகுக்கு. தலைக்கு இல்லை. ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் வரிசையில் நிற்கும் இன்னொரு ஜோடியோடு சேர்ந்து போனால் பாதியாகும். மாலை ஏழுக்கு மேல் விலை கூடும். படகில் ஏறினால் போதும் என்றால் பெரிய கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் த்ரகெத்தோ இருக்கிறது. அதுவும் கோண்டோலா வகைப் படகுதான், ஆளுக்கு 2 யூரோ, ஓரிரு நிமிடம். ஆனால் உங்கள் மனைவி கேட்டது அதுவா என்று யோசியுங்கள். ஆசைப்பட்டுக் கேட்டதில் கஞ்சத்தனம் பண்ணி, அதை ஊர் திரும்பியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வேறு எதையாவது குறைத்துக்கொண்டு அழைத்துப் போங்கள்.

அறையை வெனிஸுக்கு எதிரே நிலப்பக்கமுள்ள மெஸ்த்ரேயில் எடுத்தால் மலிவு, ரயிலில் பத்து நிமிடம். வசந்த, கோடைகாலத்தில் சில நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயில் தங்கினாலும் வெனிஸ் நகராட்சி எல்லைதான், கட்டணம் கிடையாது. ஆனால் விலக்குக்குத் தளத்தில் பதிவு செய்து அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். வாப்பரெத்தோ எனும் பொதுப் படகில் ஒருமுறை ஏற 9.50 யூரோ, ஆகவே நடந்தே சுற்றுங்கள். சக்கரப் பெட்டி கொண்டுவந்தவர்கள் பாலத்துக்குப் பாலம் படி ஏற்றித் தூக்கிப் போவதைப் பார்த்தால் முதுகுப்பையின் அருமை தெரியும்.

கே: பொம்பெய்க்கு நேப்பிள்ஸிலிருந்து போவது எப்படி? டூர் எடுக்கணுமா? - நாகர்கோவில்

ப: வேண்டாம். சொரெந்தோ போகும் சிர்கும்வெசுவியானா ரயிலில் ஏறி பொம்பெய் ஸ்காவி ஸ்டேஷனில் இறங்கினால் வாசல் எதிரிலேயே. கூட்ட நெரிசல், ஏசி எதிர்பார்க்காதீர்கள். எரிமலை புதைத்த அந்த ரோமானிய ஊரின் தெருக்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்களையும், மழை நாளில் கால் நனையாமல் கடக்க நட்ட உயரமான கற்களையும் நின்று பாருங்கள். நல்ல மொசைக்குகள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, செவ்வாய் விடுமுறை. பொம்பெய்யில் 1938-இல் கிடைத்த, இந்தியாவில் செய்த தந்தப் பெண் சிலையும் அங்கேதான். லட்சுமி என்று பெயர் ஒட்டிவிட்டது, யட்சி என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இரகசிய அறை என்ற பகுதியில் வைத்திருக்கிறார்கள்.

கே: அவருக்குப் பார்ப்பதெல்லாம் பார்க்கணும். எனக்கு ஒரு இடத்தில் உட்காரணும். தினமும் சண்டை வரும் போல. - மதுரை

ப: வரும், தங்கச்சி. அரை நாள் பிரிந்து சுற்றுங்கள், சாப்பாட்டு நேரத்துக்குச் சந்தியுங்கள். நுழைவுச் சீட்டு ஒன்று மிச்சம்.

கே: பிக்பாக்கெட் பயம் உண்மையா? - சென்னை

ப: உண்மை. ரோமில் மெட்ரோ, தெர்மினி, வத்திக்கான் போகும் 64-ஆம் நம்பர் பஸ் மூன்றிலும் பையை முன்பக்கம் மாட்டுங்கள். கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜா நீட்டுகிறவர், கையெழுத்து கேட்கிறவர் யாருக்கும் நிற்காதீர்கள். இருவர் கார்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. ரோம் பஸ்ஸில் கார்டைத் தட்டி ஏறினாலும் ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒன்றையே இருவருக்கும் தட்ட முடியாது. ஏடிஎம்மில் ரூபாயில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், யூரோவே லாபம்.

கே: சிசிலிக்கும் போக ஆசை. விமானம்தான் வழியா? - யாழ்ப்பாணம்

ப: விமானம் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ரோமிலிருந்து பலெர்மோவுக்கு இரவு ரயில் இருக்கிறது, ஓர் இரவு அறை வாடகை மிச்சம். மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றிவிடுவார்கள், நீங்கள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்க்கலாம். பலெர்மோவில் உங்கள் ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். பெல்லெக்ரீனோ மலையிலுள்ள, சாந்தா ரோசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதரின் குகைக் கோயிலுக்குத் தமிழ் இந்துக்களும் நடந்தே ஏறிப் போவார்கள். பல்லாரோ சந்தையில் கடலைமாவில் செய்து பொரித்த பனெல்லேயை ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், சைவம்தான்.

கே: அங்கே ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வருமாமே? - ஓசூர்

ப: வரும். பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். "ஷோப்பெரோ" என்று எழுதியிருந்தால் அதுதான். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை சாதாரண ரயில்களில் ஒரு பகுதியாவது ஓடியாக வேண்டும் என்பது விதி. ஸ்ட்ரைக் நாளில் அந்த நேரத்துக்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள், அல்லது அன்றைக்கு ஊருக்குள்ளேயே நடங்கள்.